கழற்குடமும் கரும்பலகையும்

ஒன்பதாம் வகுப்பில் வேதியியல் நடத்த வருபவர் பி.எட். படித்திருக்க வேண்டும். முதுகலை வகுப்பில் அதே வேதியியலை நடத்த வருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இந்தியாவில் பல்கலைக்கழக ஆசிரியராவதற்கு முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அதனுடன் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்விலோ மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சி, அல்லது முனைவர் பட்டம் என்பதே நெடுங்கால வழக்கம். நெட் தேர்வின் முதல் தாளில் பத்து அலகுகள் உண்டு. அவற்றுள் ஒன்று கற்பிக்கும் திறன் பற்றியது. அலகுக்கு 5 வினா, வினாவுக்கு 2 மதிப்பெண். இரண்டு தாளும் சேர்ந்த 300 மதிப்பெண்ணில் கற்பித்தலுக்கு உரியது 10. அந்த 10 மதிப்பெண்ணையும் தந்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தே பெற்றுவிடலாம். நேர்காணலின்போது சிறிது நேரம் பாடம் எடுத்துக்காட்டச் சொல்வது சில இடங்களில் நடக்கிறது. அது ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழி, பயிற்சி ஆகாது.

மைசூரில் இந்த இடைவெளியை ஒரு காலை நடையில் கடந்துவிடலாம். குக்கரஹள்ளி ஏரிக்கு மேற்கே மானசகங்கோத்ரி, மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் முதுகலை வளாகம். 1956 முதல் 1960 வரை துணைவேந்தராக இருந்த கன்னடக் கவிஞர் குவெம்பு அதை உருவாக்கி, அதற்குப் பெயரும் வைத்தார். அதை ஒட்டியே மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 1963இல் நாட்டின் நான்கு திசைக்கும் ஒன்றாகத் தொடங்கிய கல்லூரிகளில் தென்னாட்டுக்கு உரியது இது. அறிவியலையும் ஆசிரியப் பயிற்சியையும் ஒரே பட்டமாக நான்கு ஆண்டு படிக்கத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இங்கு வருகிறார்கள். வளாகத்துக்கு உள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போய் அங்கே வகுப்பெடுக்கும் மாணவரைப் பின்வரிசையில் இருந்து ஒருவர் பார்க்கிறார். வகுப்பு முடிந்ததும் நிறைகுறை பேசப்படுகிறது.

அதே பகுதியில்தான் 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். பிற மாநிலங்களிலிருந்து அனுப்பப்படும் பள்ளி ஆசிரியர்களுக்குப் பத்து மாதத்தில் தமிழோ கன்னடமோ மலையாளமோ தெலுங்கோ கற்றுக்கொடுக்கும் தென்மண்டல மொழி மையம் மைசூரில்தான் இயங்குகிறது. எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்தவர் செய்தித்தாள் வாசிக்கும் நிலைக்குப் போவதற்கு என்னென்ன படிகள் வேண்டும் என்பதை அரை நூற்றாண்டாகச் செய்துபார்த்துத் தெரிந்துகொண்ட இடம் அது. சற்றுத் தள்ளி, 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம். காது கேளாத குழந்தையுடன் பேசப் பழகும் மாணவர், மேற்பார்வையாளரின் கண்முன் அதைச் செய்கிறார். ஆக, சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதை உடனிருந்து பார்த்துத் திருத்தும் நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் பல்கலைக்கழக வகுப்பறைக்குள் மட்டும் ஆசிரியரையும் மாணவரையும் தவிர வேறு எவரும் நுழைவதில்லை. கற்பித்தல் பயிற்சி பற்றி எழும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூடிய கதவில்தான் போய் நிற்கின்றன.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. மகாராஜா கல்லூரி 1833இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1916 ஜூலை 27இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே அன்று இவ்வளவு உயரமான மதில் இல்லை. பள்ளியில் சில ஆண்டு பாடம் சொல்லிவிட்டுக் கல்லூரிக்கு வருவது இயல்பாக இருந்தது. சமஸ்கிருதப் பேராசிரியர் எம். ஹிரியண்ணா, ஆசிரியர்களை உருவாக்கும் மைசூர் நார்மல் பள்ளியில் பணியாற்றிய பிறகே மகாராஜா கல்லூரிக்கு வந்தார். இந்தியத் தத்துவம் பற்றி 1932இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற நூல், பல ஆண்டுகள் மைசூர் மாணவர்களுக்கு நடத்திய பாடங்களிலிருந்து உருவானது. அந்நூலின் தெளிவைப் போற்றாத வாசகர் குறைவு. வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லி, எங்கே மாணவர் முகம் சுருங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் செப்பனிட்ட தெளிவு அது.

ராதாகிருஷ்ணன் 1918இல் தத்துவப் பேராசிரியராக மகாராஜா கல்லூரிக்கு வந்தார். மூன்றாண்டுக்குப் பின் கல்கத்தாவுக்குப் போகும்போது மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மலர் சூட்டிய அந்த வண்டியைத் தாங்களே ரயில் நிலையத்துக்கு இழுத்துச் சென்றார்கள். இதைச் சொல்லாத ஆசிரியர் தின உரை அநேகமாக இல்லை. சொல்லப்படாத செய்தி ஒன்று உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பணிக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் அவர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. என்னும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அங்கே உடன் பயின்றவர்களுக்கே உளவியல் வகுப்பெடுக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது; அந்த உரைகள் 1912இல் நூலாக வந்தன. மைசூர் மாணவர்கள் இழுத்த வண்டியில் இருந்தவர், சக ஆசிரியர்கள் முன் நின்று பேசிப் பழகியவர். வண்டியை நினைவில் வைத்துச் சைதாப்பேட்டையை மறந்ததால்தான், நல்லாசிரியர் பிறக்கிறார், அவரை உருவாக்க முடியாது என்ற நம்பிக்கை நம் பல்கலைக்கழகங்களில் இவ்வளவு ஊன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கை பயிற்சியின்மைக்கு ஒரு மரியாதையான பெயர் கொடுத்துவிடுகிறது.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மரபில் இன்னொரு பயிற்சிக்களமும் இருந்தது. அதை யாரும் பயிற்சி என்று அழைக்கவில்லை. 1930களில் பேராசிரியர்கள் சிற்றூர்களுக்கும் நகரங்களுக்கும் போய்க் கன்னடத்தில் உரையாற்றினார்கள். அந்த உரைகளைப் பல்கலைக்கழகம் சிறு நூல்களாக அச்சிட்டது. கல்லூரியில் ஆங்கிலத்தில் பாடம் சொன்னவர், கன்னடம் மட்டுமே அறிந்த ஊராருக்கு நோய்க்கிருமியையோ விண்மீனையோ விளக்க வேண்டியிருந்தது. வருகைப்பதிவு இல்லாத கூட்டம் அது. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும். ஒரு கருத்துக்கு எந்த உவமை பொருந்தும், எந்தக் கலைச்சொல்லை விட்டுவிடலாம், எதை விட்டால் பொருளே போய்விடும் என்பதெல்லாம் அத்தகைய கூட்டத்தின் முன்தான் பிடிபடும். இன்று விரிவாக்கப் பணி என்ற பெயரில் நடப்பவற்றில் இந்தக் கூர்மை அருகிவிட்டது. அது பெரிய இழப்பு.

விடுதலைக்குப் பிறகு உயர்கல்வி வளர்ந்த வேகத்தில் ஆசிரியர்களின் எண்ணிக்கை பெருகியது. அவர்களை ஆயத்தப்படுத்துவது பற்றிய பேச்சு அறிக்கைகளில் மட்டும் நடந்தது. 1948–49இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, வெறும் விரிவுரையால் பயனில்லை, சிறு குழுக்களாக மாணவரைச் சேர்த்து விவாதிக்க வேண்டும் என்றது. பள்ளி, இடைநிலைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு விடுமுறைக் காலப் புத்தாக்கப் பயிற்சி தரவேண்டும் என்றது. 1964–66இல் கோத்தாரி குழு ஒரு படி மேலே போயிற்று. புதிதாக வரும் விரிவுரையாளருக்குத் தொடக்கத்திலேயே சில வார அறிமுகப் பயிற்சி வேண்டும், பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கென நிலையான பணியாளர் கல்லூரி அமைக்கலாம் என்று அது பரிந்துரைத்தது. பரிந்துரை நடைமுறைக்கு வர இருபது ஆண்டு ஆயிற்று. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு அடுத்த ஆண்டு கல்விசார் பணியாளர் கல்லூரித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 48 பல்கலைக்கழகங்கள் தேர்வாயின. மைசூரிலும் அத்தகைய கல்லூரி ஒன்று அமைந்து, கர்நாடகத்துக்கு வெளியிலிருந்தும் ஆசிரியர்கள் பெட்டியுடன் வந்து தங்கிப் படிக்கும் இடமாயிற்று. 2015இல் அதன் பெயர் மனிதவள மேம்பாட்டு மையம்; 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம்.

அந்தப் பயிற்சியின் உள்ளடக்கத்தைப் பார்த்தால் சில விஷயங்கள் விளங்கும். அறிமுகப் பயிற்சி நான்கு வாரம். 24 வேலைநாளில் நாளுக்கு 6 மணியாக 144 மணி நேரம். புத்தாக்கப் பயிற்சி அன்று மூன்று வாரம், 108 மணி நேரம். அறிமுகப் பயிற்சியின் பாடத்திட்டம் நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டது. சமூகம், சுற்றுச்சூழல், வளர்ச்சி ஆகியவற்றோடு கல்விக்கு உள்ள உறவு முதல் பகுதி. கல்வியின் தத்துவம், இந்தியக் கல்வி முறை, கற்பிக்கும் முறை மூன்றும் சேர்ந்து இரண்டாம் பகுதி. தகவல் வளங்கள் மூன்றாவது. நிர்வாகமும் ஆளுமை வளர்ச்சியும் நான்காவது. நான்கில் ஒரு பகுதியில் மூன்றில் ஒரு பங்காகக் கற்பித்தல் ஒதுங்கிக் கிடந்தது. ஆசிரியருக்கு அரசியல் சட்டமும் சூழலியலும் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் இத்தனை நாள் வெளியூர் வந்து தங்கியவர் திரும்பிப் போகும்போது, திங்கட்கிழமை காலை முதல் வகுப்பை வேறு விதமாக நடத்துவதற்கு எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனார் என்று கேட்டால் விடை மெலிந்துதான் இருக்கும்.

2019இல் மானியக் குழு வெளியிட்ட ‘குரு தக்ஷதா’ வழிகாட்டி இந்தக் குறையை உணர்ந்து எழுதப்பட்டது. ஒரு மாத அறிமுகப் பயிற்சியில் பாடத்திட்ட வடிவமைப்பு, மதிப்பீடு, வகுப்பறை உத்திகள் ஆகியவற்றுக்குக் கூடுதல் இடம் தந்தது. அதன் பிறகு, 2023 செப்டம்பரில் தொடங்கிய மாளவியா மிஷன், நாடு முழுவதும் 111 மையங்கள் வழியே 15 லட்சம் உயர்கல்வி ஆசிரியர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி என்பதை இலக்காக வைத்தது. எண்ணிக்கை பெரிதாகும்போது பயிற்சி திரைக்குள் நகர்கிறது. இணையவழியில் நூற்றுக்கணக்கானோர் பெயர் பதிந்து, ஒளிப்பதிவுக் கருவியை அணைத்துவிட்டு, நிறைவில் கொள்குறி வினாத்தாளுக்கு விடை குறித்துச் சான்றிதழ் பெறும் பயிற்சி, கற்பித்தல் பற்றிய தகவலைத் தரலாம். பழக்கத்தை மாற்ற அதற்கு வலுவில்லை.

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. உதவிப் பேராசிரியர் அடுத்த ஊதிய நிலைக்குப் போக அறிமுகப் பயிற்சியும் புத்தாக்கப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. விதி எதைக் கேட்கிறதோ அதைத்தான் மனிதர்கள் கொண்டுவருவார்கள். சான்றிதழ் கேட்டால் சான்றிதழ் வரும். இந்த விதியின் மறுபக்கம் அதைவிடக் கவலைக்குரியது. கர்நாடக அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான ‘அதிதி உபன்யாசகர்கள்’ பாடம் நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் அவர்களைக் கௌரவ விரிவுரையாளர் என்கிறோம். கல்லூரிக்குள் முதன்முதலாகக் காலடி வைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் சந்திக்கும் ஆசிரியர்களில் பலர் இவர்களே. ஊதிய நிலையே இல்லாதவருக்கு ஊதிய உயர்வுக்கான பயிற்சியால் என்ன பயன்? பதவி உயர்வோடு பயிற்சியைக் கட்டிவைத்ததன் விளைவாக, பயிற்சி மிகத் தேவையான வகுப்பறைகளுக்கு அது போய்ச் சேரவில்லை.

பயிற்சிக் கல்லூரிகள் செய்துபார்த்தவற்றில் உண்மையிலேயே பயன் உள்ளது நுண்கற்பித்தல். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. முழு வகுப்பை எடுக்காமல் ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். வினாத் தொடுப்பது, எடுத்துக்காட்டுத் தருவது, கரும்பலகையைப் பயன்படுத்துவது என்று எதுவாகவும் இருக்கலாம். இந்தியாவுக்கென வகுக்கப்பட்ட சுற்றில் 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்துரை, 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் கருத்துரை என மொத்தம் 36 நிமிடம். இதன் உயிர் அந்த மறுபடி நடத்துவதில் இருக்கிறது. தவறு செய்த சூட்டோடு அதே பாடத்தை இன்னொரு முறை நடத்திப் பார்க்கிறவர், தன் பேச்சில் எந்த இடம் நழுவியது என்பதைக் காதால் கேட்கிறார். மாணவரைக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரம் தான் நினைத்ததைவிட எவ்வளவு குறைவு என்பதை ஒளிப்பதிவில் கண்டு திடுக்கிடாத ஆசிரியர் அரிது.

இந்த முறை மானசகங்கோத்ரிக்கும் வந்தது. ஆனால் வந்த வழியில் ஒரு பகுதியை இழந்துவிட்டது. பணியாளர் கல்லூரிக்கு வருபவர்களில் ஒருவர் வணிகவியல், ஒருவர் தாவரவியல், ஒருவர் கன்னட இலக்கியம். வணிகவியல்காரர் நடத்தும் ஆறு நிமிடப் பாடத்துக்கு மற்றவர்கள் மாணவர்களாக நடிக்க வேண்டும். தேய்மானக் கணக்கில் மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது தாவரவியல்காரருக்குத் தெரியாது. குரல் நன்றாக இருந்தது, கையசைவு அதிகம் என்ற அளவில் கருத்துரை முடிந்துவிடுகிறது. அமெரிக்கக் கல்வியறிஞர் லீ ஷுல்மன் 1986இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பாட அறிவு ஒன்று, கற்பிக்கும் அறிவு வேறொன்று என்று பிரித்துவிட முடியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் அதற்கே உரிய கற்பித்தல் அறிவு உண்டு. எந்த உதாரணம் எந்தக் கருத்தைத் திறக்கும், எந்தப் பிழை எல்லா மாணவருக்கும் வரும் என்பதை அந்தப் பாடத்தில் ஊறியவரே அறிவார். ஷுல்மன் சொன்னதை ஏற்றால், வேதியியல் விரிவுரையாளருக்குப் பயிற்சி தரவேண்டிய இடம் வேதியியல் துறைதான்.

மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கல்வி ஊடக மையம் ஒன்றும் உண்டு. தேர்ந்த ஆசிரியர்களின் பாடங்களை ஒளிப்பதிவு செய்து நாட்டுக்கு வழங்கும் பணி அதனுடையது. அந்த ஒளிப்பதிவுக் கருவிகளில் ஒன்று, வேலையில் சேர்ந்து முதல் பருவம் முடிக்காத ஓர் ஆசிரியரின் வகுப்பின் ஓரத்தில் நின்று, அவர் மட்டுமே பார்ப்பதற்காகப் பதிவு செய்தால், ஒரு மாதப் பயிற்சியின் பயனில் பெரும்பகுதி ஒரு வாரத்தில் கிடைத்துவிடும்.

கற்பித்தல் பற்றிப் பேச வரும்போதெல்லாம் மேலை நாட்டுப் பெயர்களையே சொல்ல வேண்டியிருப்பது பழக்கத்தால் வந்தது. தமிழில் இலக்கண நூலின் வாசலிலேயே கற்பித்தல் முறை எழுதப்பட்டிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டையொட்டிப் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். இயற்றச் சொன்னவன் சீயகங்கன். கோலாரைத் தம் குலத்தின் தலைநகராகச் சொல்லிக்கொண்ட கங்க மரபினன் அவன். பின்னாளில் மைசூர் நாடு என்று பெயர்பெற்ற மண்ணோடு தமிழ் இலக்கணத்துக்கு இப்படி ஒரு பழைய உறவு உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இலக்கணம், ஆசிரியர் ஆகாதவர் இலக்கணம், பாடம் சொல்லும் முறை, மாணாக்கர் வகை, பாடம் கேட்கும் முறை என்று வரிசையாகச் செல்கிறது. எழுத்தைப் பற்றிப் பேசும் முன்பே, எழுத்தைச் சொல்லிக்கொடுப்பவரைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று கருதிய மரபு அது.

ஆசிரியர் ஆகாதவருக்கு நன்னூல் காட்டும் உவமைகள் நான்கு. கழற்சிக்காய் நிரப்பிய குடம் முதலாவது: போட்ட வரிசையில் காய் வெளியே வராது, எது முன்னே கிடக்கிறதோ அது கொட்டும். பாடத்தை எங்கே தொடங்கி எங்கே கொண்டுபோவது என்று திட்டமிடாமல் வகுப்புக்குள் நுழைபவர் இவர். கருக்குமட்டை சூழ்ந்த பனை இரண்டாவது: தானாகப் பழம் விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஏறிப் பறிக்க விடாது. கேள்வி கேட்க இடம் தராத விரிவுரையாளரை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. பருத்தி அடைத்த குண்டிகை மூன்றாவது: சிறிது சிறிதாகத் திணித்தது, சிறிது சிறிதாகப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். ஐந்தாண்டு ஆய்வில் நிறையக் கற்று, அதை வெளியே எடுத்துவைக்க வகை தெரியாமல் முதல் வகுப்பில் திணறும் இளம் முனைவரின் துயரம் இதில் இருக்கிறது. வளைந்த தென்னை நான்காவது: நீரூற்றியவர் வேலிக்குள் நிற்க, காயை அது அயல்வீட்டு முற்றத்தில் போடும். ஆய்வுக்கட்டுரைக்கும் ஆய்வுத்திட்டத்துக்கும் புள்ளி கணக்கிட்டுப் பதவி உயர்வு தரும் முறை 2010இல் வந்தபின், ஆசிரியரின் கவனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை நினைக்கும்போது இந்த உவமை உறுத்துகிறது. தென்னையைச் சாய்த்தது காற்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாடம் சொல்லும் முறையைப் பற்றிப் பவணந்தியார் கூறுவது இன்னும் நுட்பமானது. இடமும் காலமும் பார்த்து, சொல்லப்போவதை உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, விரையாமல், வெகுளாமல், முகமலர்ச்சியோடு, கேட்பவன் எவ்வளவு கொள்வான் என்று அறிந்து சொல்ல வேண்டும் என்கிறார். கேட்பவனின் கொள்திறனை அறிவது என்ற ஒன்றில்தான் இன்றைய கற்பித்தல் ஆய்வுகளும் வந்து நிற்கின்றன. அவர் தரும் கணக்கு ஒன்று வியப்பூட்டுவது. ஆசிரியர் சொன்னதை நன்றாகவே கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால்பங்கு. உடன் பயில்பவரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறருக்கு விரித்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது.

1991இல் ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தம் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தார். விரிவுரையை நடுவில் நிறுத்தி ஒரு வினாக் கேட்பார், மாணவர்கள் விடையைக் குறிப்பார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் தன் விடையை விளக்கி வாதிடுவார்கள், மறுபடி குறிப்பார்கள். இரண்டாம் முறை சரியான விடை கூடும். நன்னூல் சொன்ன இரண்டாம் காலும் இறுதி அரையும் ஒரே மணி நேரத்துக்குள் அங்கே வேலை செய்கின்றன. 2014இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணித இளங்கலை வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றனர். மாணவரைச் செயலில் ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 விழுக்காடு. நூறு பேரில் பன்னிரண்டு பேர் என்பது சிறிய எண் இல்லை. அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று பார்த்தால், வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத, தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத பிள்ளைகளே முன்வரிசையில் நிற்பார்கள்.

மைசூரில் இந்தக் கேள்வியோடு மொழியும் பின்னிக்கிடக்கிறது. ஏ.கே. ராமானுஜன் 1929இல் இந்நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை மைசூர்ப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். மாடியில் தந்தையோடு ஆங்கிலம், கீழே தாயோடு தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவர், மகாராஜா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். மூன்று மொழியும் அவருக்கு மூன்று அறைகளாக இருந்தன. விரும்பியபோது ஏறி இறங்க முடிந்தது. சாமராஜநகரிலிருந்தோ ஹுன்சூரிலிருந்தோ பேருந்தேறி வரும் இன்றைய மாணவருக்கு மாடிப்படி இல்லை. பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது; ஆசிரியர் கன்னடத்தில் விளக்குகிறார்; கரும்பலகையில் ஆங்கிலச் சொற்கள்; தேர்வில் எந்த மொழியில் எழுதுவது என்ற தயக்கம். கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் இதே நிலைதான், கன்னடத்தின் இடத்தில் தமிழ். ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் எண்ணிப் பார்த்து மூன்றாவது விதமாக எழுதும் இந்த மாணவருக்கு எப்படிப் பாடம் சொல்வது என்பது இந்திய உயர்கல்வியின் மிகக் கடினமான கற்பித்தல் கேள்வி. அதற்கு ஹார்வர்டில் விடை கிடைக்காது. மொழி கற்பிப்பதில் தேர்ந்த நடுவண் நிறுவனம் பல்கலைக்கழகத்தின் அருகிலேயே இருந்தும், இயற்பியல் துறையும் பொருளியல் துறையும் இந்தக் கேள்வியோடு அங்கே போய் உட்காரும் வழக்கம் வேரூன்றவில்லை.

மாணவரிடம் கருத்துக் கேட்பது நடக்கிறது. 1994இல் அமைந்த, பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவின் (நாக்) தரமதிப்பீட்டுக்காகப் பருவம்தோறும் படிவங்கள் நிரப்பப்படுகின்றன. ஆனால் படிவம் கோப்புக்குப் போகிறது. பருவத்தின் நடுவில், பெயரில்லாத துண்டுச்சீட்டில் ‘இந்த வாரம் எது விளங்கவில்லை’ என்று எழுதி வாங்கி, அடுத்த வகுப்பில் பத்து நிமிடத்தை அதற்கென ஒதுக்கும் ஆசிரியருக்குக் கிடைக்கும் செய்தி, ஆண்டிறுதிச் சராசரி எண்ணில் கிடைக்காது.

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதில் பிற நாடுகள் சில தெளிவாக முடிவெடுத்திருக்கின்றன. இலங்கையில் கொழும்புப் பல்கலைக்கழகம் 1997இல் பணியாளர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கியது. பிற பல்கலைக்கழகங்களும் பின்தொடர்ந்தன. தகுதிகாண் விரிவுரையாளர் பணியில் உறுதிப்படுவதற்கு உயர்கல்வியில் கற்பித்தல் பற்றிய சான்றிதழ்ப் படிப்பை முடிக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை. யாழ்ப்பாணத்தில் பாடம் சொல்லும் இளம் விரிவுரையாளரும் அதற்கு விலக்கில்லை. பதவி உயர்வுக்கு முன் என்பதும் பணி உறுதிக்கு முன் என்பதும் வேறுவேறு. முன்னது பழக்கம் இறுகிய பிறகு வருவது. பின்னது பழக்கம் உருவாகும்போதே வருவது.

இந்தியாவில் அதைவிட முன்னதாகவே தொடங்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிமுறை, எந்தத் துறையில் ஆய்வு செய்பவரும் தம் பாடத்தைக் கற்பிப்பதிலும் எழுதுவதிலும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. சிறுகுழு வகுப்பு, ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றில் அவர்களை வாரம் 4 முதல் 6 மணி நேரம் ஈடுபடுத்தலாம் என்றும் சொல்கிறது. விரித்துரைப்பதில்தான் பாதிப் புலமை என்ற நன்னூலின் கணக்கு, விதிமுறை மொழியில் மறுபடி எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. இந்த மணி நேரங்கள் இரண்டு விதமாகக் கழியலாம். மூத்த ஆசிரியர் வர முடியாத நாளில் வகுப்பை நிரப்பவும், விடைத்தாள் கட்டுகளைத் திருத்தவும் ஆய்வு மாணவரைப் பயன்படுத்திக்கொள்வது ஒன்று. பருவத்தில் சில முறையாவது நெறியாளர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு, வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் அதைப் பற்றிப் பேசுவது இன்னொன்று.

இரண்டாவது நடக்க வேண்டுமானால் மூத்தவரின் வகுப்பும் திறந்திருக்க வேண்டும். இருபது ஆண்டு பாடம் சொன்ன பேராசிரியர், தம் வகுப்புக்கு இளையவர் ஒருவரை அழைத்து, இன்று எங்கே தவறினேன் என்று கேட்கும் துறையில்தான், இளையவரும் பின்வரிசையில் இருப்பவரைக் கண்டு அஞ்சாமல் பேசுவார். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. அதில் ஒரு மணி நேரம் இதற்குப் போதும். புதிய கட்டடம் வேண்டாம், தனி நிதி வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். மானசகங்கோத்ரியிலும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் உள்ள துறைத்தலைவர்கள் அடுத்த பருவம் தொடங்கும் வாரத்திலேயே, முதலில் தங்கள் வகுப்பறைக் கதவிலிருந்து, இதைத் தொடங்க வேண்டும்.